பன்னாட்டுக் குடிமைப் பணியில் தொடக்க நிலை ஊதியம்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. ஐ.நா. அமைப்பு ஒன்றில் பி-2 நிலைப் பணிக்கு (தொழில்முறைப் பிரிவின் தொடக்க நிலைகளில் ஒன்று) விண்ணப்பித்திருக்கிறேன். ஊதிய அட்டவணையில் மொத்தச் சம்பளம், நிகரச் சம்பளம் என இரண்டு தொகைகள் உள்ளன. கைக்கு வருவது எது?

பதில்: இரண்டும் அல்ல. மொத்தச் சம்பளம் ஏட்டில் மட்டுமே இருக்கும் தொகை. ‘ஸ்டாஃப் அசெஸ்மென்ட்’ என்னும் உள்வரியை நிறுவனமே அதிலிருந்து கழித்த பின் நிற்பது நிகர அடிப்படைச் சம்பளம். அதனுடன் பணியிடத்துக்கு ஏற்ற செலவுப்படி சேரும். பிறகு ஓய்வூதிய நிதிக்கான பங்கும் மருத்துவக் காப்பீட்டுக்கான பங்கும் பிடிக்கப்பட்டு, எஞ்சுவதே வங்கிக் கணக்குக்கு வரும். ஓய்வூதியப் பிடித்தம் 7.9 விழுக்காடு என்பதைப் படித்துவிட்டு, பலர் அதை நிகரச் சம்பளத்தில் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அது கணக்கிடப்படுவது ஓய்வூதியத்துக்குரிய ஊதியம் என்று தனியாக வரையறுக்கப்பட்ட, நிகரச் சம்பளத்தைவிட அதிகமான ஒரு தொகையின் மீது. எனவே, முதல் சம்பளச் சீட்டில் பிடித்தம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே இருக்கும்.

கேள்வி: ஒரே பி-2 நிலையில் வெவ்வேறு நகரங்களில் இருப்பவர்களுக்கு வருமானம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

பதில்: போஸ்ட் அட்ஜஸ்ட்மென்ட் எனப்படும் செலவுப்படியே காரணம். அடிப்படைச் சம்பளம் உலகம் முழுவதும் ஒன்றுதான்; ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஒரு பெருக்கெண் மட்டும் தனியாக அறிவிக்கப்படுகிறது. அந்த எண்ணின் ஒவ்வொரு புள்ளியும் நிகர அடிப்படைச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டுக்குச் சமம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நிகரச் சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலர், பெருக்கெண் 40 என வைத்துக்கொள்வோம்: படி 20,000 டாலர், ஆக மொத்தம் 70,000. பெருக்கெண் 80 உள்ள நகரத்தில் அதே பணிக்கு 90,000. ஆனால் அந்த 20,000 டாலர் வேறுபாட்டை ஊதிய உயர்வாக நினைத்துவிடக் கூடாது. வாங்கும் திறனைச் சமன் செய்வதே படியின் நோக்கம், அந்தப் பணத்தின் பெரும்பகுதியை வீட்டு வாடகை எடுத்துக்கொள்ளும்.

பெருக்கெண் இறங்கவும் செய்யும். ஜெனீவாவில் 2016-ஆம் ஆண்டு விலைவாசிக் கணக்கெடுப்பின் அடிப்படையில் படி குறைக்கப்பட்டபோது, ஊழியர்கள் தீர்ப்பாயங்களுக்குச் சென்றார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயம் 2019 ஜூலையில் அந்தக் குறைப்பை ரத்து செய்தது, ஐ.நா.வின் சொந்தத் தீர்ப்பாயங்களோ அதற்கு மாறாக முடிவெடுத்தன. அதனால் ஒரே நகரத்தில், ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு, அவர்களுடைய நிறுவனம் எந்தத் தீர்ப்பாயத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டு விதமான படி என்ற விசித்திரம் நேர்ந்தது. ஒரே ஊதிய விதிகளைப் பின்பற்றும் ஐ.நா. நிறுவனங்களின் கூட்டுக்கு உள்ள ‘பொது அமைப்பு’ என்ற பெயருக்கு இது அழகல்ல என்பது என் கருத்து.

கேள்வி: பேரம் பேசிச் சம்பளத்தை உயர்த்த முடியுமா?

பதில்: நிலையை மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு நிலைக்குள்ளும் சம்பளம் ஏறும் படிநிலைகள் (ஸ்டெப்) உண்டு; அனுபவத்தைக் கருதிச் சில நிறுவனங்கள் தொடக்கப் படிநிலையைச் சற்று உயர்த்தித் தருவதுண்டு. கேட்பதானால், பணியை ஏற்றுக் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும். அதன்பின் பணி திருப்திகரமாக இருந்தால் ஏழாம் படிநிலை வரை ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் உயர்வு கிடைக்கும்.

கேள்வி: மனைவிக்கு வேலை இல்லை, ஒரு குழந்தை இருக்கிறது. கூடுதலாக என்ன கிடைக்கும்?

பதில்: துணைவரின் வருமானம் குறித்த வரம்புக்குள் இருந்தால், நிகரச் சம்பளமும் செலவுப்படியும் சேர்ந்த தொகையில் 6 விழுக்காடு கிடைக்கும், மேலே சொன்ன 70,000 டாலர் கணக்கில் அது 4,200. குழந்தைக்குத் தனியாக ஒரு நிலையான தொகை உண்டு. கல்வி மானியத்தைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். தாய்நாட்டுக்கு வெளியே பணிபுரியும் பன்னாட்டு ஊழியர்களுக்கு, ஏற்கத்தக்க பள்ளிக் கட்டணத்தில் முதல் அடுக்குக்கு 86 விழுக்காடும், கட்டணம் உயர உயரப் படிப்படியாகக் குறைந்து 61 விழுக்காடு வரையும் திருப்பித் தரப்படுகிறது. உச்சவரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு ஒன்றும் இல்லை. எனவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த அடுக்குகளைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சம்பளத்துக்கு வரியே கிடையாது என்கிறார்களே?

பதில்: ஐ.நா.வின் சிறப்புரிமைகள் பற்றிய 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஊதியத்துக்கு வரிவிலக்கு அளிக்கிறது. அமெரிக்கா போன்ற சில நாடுகள் தம் குடிமக்களிடம் வரி வாங்குகின்றன, ஐ.நா. அந்தத் தொகையை ஊழியருக்குத் திருப்பித் தருகிறது. பின்னாளில் பெறும் ஓய்வூதியத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது.

கேள்வி: மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போக நினைக்கிறேன். ஓய்வூதிய நிதியில் கட்டிய பணம் என்னவாகும்?

பதில்: உங்கள் பங்கு 7.9 விழுக்காடு, நிறுவனம் அதைப்போல் இரண்டு மடங்கு, 15.8 விழுக்காடு கட்டுகிறது. ஐந்து ஆண்டுகள் நிறைவதற்கு முன் விலகினால் உங்கள் பங்கும் அதற்கான 3.25 விழுக்காடு வட்டியும் மட்டுமே கைக்கு வரும். நிறுவனத்தின் பங்கு நிதியிலேயே தங்கிவிடும். ஐந்து ஆண்டுகளைக் கடந்தால் பிற்கால ஓய்வூதியத்துக்கு உரிமை பிறக்கும். மூன்று ஆண்டுகளில் கிளம்புவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணத்தை உடனே எடுத்துவிடாதீர்கள்: 36 மாதங்கள் வரை முடிவைத் தள்ளிப்போட விதி இடமளிக்கிறது, அதற்குள் இந்த ஓய்வூதிய நிதியின் வேறொரு உறுப்பு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் பழைய சேவைக்காலம் அறுபடாமல் தொடரும். படிப்பு முடித்துத் திரும்பி வர எண்ணுபவருக்கு இதன் மதிப்பு அதிகம்.

கேள்வி: எனக்கு வந்திருப்பது தற்காலிக நியமனம். வேறுபாடு பெரிதா அம்மா?

பதில்: பெரிது. (அம்மா அல்ல, ஐயா, பரவாயில்லை.) ஐ.நா. செயலகத்தில் தற்காலிக நியமனம் 364 நாள்களைத் தாண்டாது என்பதே பொது விதி. செலவுப்படி உண்டு, கல்வி மானியமும் தாயக விடுப்புப் பயணமும் (நிறுவனச் செலவில் சொந்த நாட்டுக்குச் சென்று வருவது) கிடையாது, ஆண்டு விடுப்பு மாதத்துக்கு இரண்டரை நாளுக்குப் பதிலாக ஒன்றரை நாள்தான். ஆலோசகர் ஒப்பந்தம் இன்னும் கீழே: அவர் ஊழியரே அல்லர், எனவே ஓய்வூதியமும் இல்லை, விடுப்பும் இல்லை.

கேள்வி: முதல் பணியிடமே கடினமான இடமாக இருந்தால் சேமிக்கலாமா?

பதில்: சேமிக்கலாம். பணியிடங்கள் வாழ்க்கைச் சிரமத்தைப் பொறுத்து எச் (தலைமையகம் போன்ற இடங்கள்) மற்றும் ஏ முதல் ஈ வரை வகைப்படுத்தப்படுகின்றன; ஈ மிகக் கடினமானது. பி முதல் ஈ வரையிலான இடங்களுக்குக் கடினப்படி உண்டு. டி, ஈ வகை இடங்கள் சிலவற்றில் தாயக விடுப்பு 24 மாதங்களுக்குப் பதிலாக 12 மாதங்களுக்கு ஒருமுறை வரும். ஆனால் குடும்பத்தை அழைத்துச் செல்ல அனுமதியில்லாத இடமானால், இரண்டு வீடுகளை நடத்தும் செலவு அந்தப் படியின் பெரும்பகுதியைத் தின்றுவிடக்கூடும். திருமணமாகாதவருக்கு இந்தக் கணக்கு வேறு. நியமனக் கடிதம் வந்ததும், அந்த இடத்தின் வகை என்ன, குடும்பத்துக்கு அனுமதி உண்டா என்ற இரண்டையும் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.