பதினொன்றாம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடம்

கேள்வி: சியாட்டிலுக்குப் பக்கத்தில் பாத்தெலில் இருக்கிறோம். மகள் செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்பு. ‘ரன்னிங் ஸ்டார்ட்’டில் சேர்ந்தால் இரண்டு வருடக் கல்லூரிச் செலவு மிச்சம் என்கிறாள். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய கல்லூரிகளில் இது எடுபடாது என்று என் கணவர் தயங்குகிறார். சேர்க்கலாமா?

பதில்: சேருங்கள் அம்மா, ஆனால் மெதுவாக. என் மகன் இதே வழியில் போனவன். பட்டதைச் சொல்கிறேன்.

ரன்னிங் ஸ்டார்ட் என்ற திட்டத்தில், நம் வாஷிங்டன் மாநிலத்தில் 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் சமுதாயக் கல்லூரியில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். அங்கே ஒரு க்வார்ட்டரில், அதாவது ஒரு பருவத்தில், முடிக்கும் 5 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் புள்ளி) பாடம், பள்ளியில் ஒரு வருடப் பாடத்துக்குச் சமம். 90 கிரெடிட் சேர்ந்தால் அசோசியேட் என்கிற இரண்டு வருடப் பட்டம். அது இளங்கலைக்கு வேண்டிய 180இல் பாதி. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன். புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து எல்லாம் நம் கைக்காசு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தச் சில்லறைக் கட்டணங்களில் விலக்கு உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

நான் கவனிக்கத் தவறியது மதிப்பெண்ணை. பதினாறு வயதில் என் மகன் முதல் க்வார்ட்டரிலேயே வேதியியல் எடுத்தான். பத்துப் பதினோரு வாரத்தில் பாடம் ஓடிவிடுகிறது. தடுமாறுகிறான் என்பதே எனக்குத் தெரியவில்லை. வயது பதினெட்டு ஆகாவிட்டாலும், கல்லூரியில் சேர்ந்தபின் அந்தப் பதிவுகள் மாணவருடையவை. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பேராசிரியர் நம்மிடம் பேசமாட்டார். கடைசியில் வந்தது நாலுக்கு 2.1. அது பள்ளிக் கணக்கில் மட்டும் அல்ல, கல்லூரிக் கணக்கிலும் ஏறிவிட்டது. நாளைக்கு உங்கள் மகள் பட்டப்படிப்பை முடித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளி நாளில் எடுத்த கல்லூரிப் பாடங்களும் சராசரியில் சேரும். இதை எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. இன்னும் எனக்கு அந்த ஆற்றாமை உண்டு.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். எத்தனை கிரெடிட் வைத்திருந்தாலும் ரன்னிங் ஸ்டார்ட் பிள்ளைகள் முதலாண்டு மாணவராகவே விண்ணப்பிக்கலாம், கிரெடிட்டும் கூடவே வரும். தனியார் பல்கலைக்கழகங்கள் அப்படியல்ல. பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் எடுத்த பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தரமாட்டோம் என்பவை பல. கிரெடிட்டை ஏற்றுக்கொண்டாலும் அது மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) உதவுமா என்பது வேறு கேள்வி. என் மகனுக்கு மூன்று பாடங்கள் வெறும் எலெக்டிவாகவே (விருப்பப் பாடமாகவே) போய்விட்டன. ஆனாலும் பட்டப்படிப்பில் ஒரு வருடம் குறைந்தது. எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை.

உங்கள் மகள் ஆசைப்படும் நாலைந்து கல்லூரிகளுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் க்வார்ட்டரில் இங்கிலீஷ் 101 என்ற தொடக்க ஆங்கிலப் பாடம் மட்டும் போதும். உயிரியலும் வேதியியலும் இந்த ஒரு வருடம் பள்ளியிலேயே இருக்கட்டும். டிசம்பரில் மதிப்பெண் வந்ததும் இரண்டாவது பாடத்தைப் பற்றி அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.