கல்யாணம் பண்ணிக்கிட்டா தூக்கம் வருமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 29 வயசு, சொந்த ஊர் தென்காசி, வேளச்சேரில பிஜில தங்கி ஐடி வேலை பாக்கறேன். மூணு மாசமா தூக்கமே சரியில்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. "ஒரு கல்யாணத்த பண்ணிக்கோ, எல்லாம் சரியாயிடும்"ங்கறாங்க அம்மா. தனியா இருக்கறதுதான் காரணமா?

பதில்: முதல்ல உடம்பப் பாத்துடுவோம்மா. தைராய்டு, ரத்தசோகை ரெண்டுலயும் படபடப்பு வரும், அதனால டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு டெஸ்ட், ஹீமோகுளோபின், ஒரு ஈசிஜி எடுத்துட்டு டாக்டர நேர்ல பாருங்க. சாயங்காலத்துக்கு மேல காபி வேணாம்.

அம்மா சொல்றது பாதி சரி. 2010ல 148 ஆய்வுகள ஒண்ணா சேத்து 3 லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க, உறவு பலமா இருக்கறவங்க உயிரோட இருக்கற வாய்ப்பு சுமார் 50 சதவீதம் அதிகம்னு வந்துச்சு, ஆனா அவங்க பாத்தது தாலிய மட்டும் இல்ல, பிரெண்ட்ஸ், சொந்தக்காரங்க, கஷ்டத்துக்கு ஆள் இருக்காங்கங்கற நம்பிக்கை எல்லாமே கணக்குல உண்டு. துணைய அளக்க நாங்க யூஸ் பண்ற 12 கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கு, 1988ல வந்தது, குடும்பம், நண்பர்கள், நெருக்கமான ஒருத்தர்னு மூணையும் தனித்தனியா கேக்கும். அந்த ஒருத்தர் புருஷனாத்தான் இருக்கணும்னு அதுல எங்கயும் போடல.

சரி, ராத்திரி 2 மணிக்கு 103 டிகிரி காய்ச்சல் அடிச்சா யாருக்குப் போன் போடுவீங்க? தென்காசில பதறி அழ ஆள் இருக்கு, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேளச்சேரிலல்ல ஆள் வேணும்! கல்யாணம் ஆனவங்களுக்கு இதெல்லாம் ஒரே ஆள்ல முடிஞ்சுடும்னு பேரு (முடியாத வீட்டுக்காரங்களும் என் கிளினிக்குக்கு வர்றாங்க), தனியா இருக்கறவங்க ரெண்டு மூணு பேர்கிட்ட அத சம்பாதிச்சு வச்சுக்கணும், வாட்ஸப் குரூப்ல 200 பேர் இருக்கறது இதுல சேராது. ரூம்மேட்டுக்கு முடியலன்னா நீங்க முதல்ல கஞ்சி வாங்கிட்டுப் போங்க, ஆபீஸ்ல பழகின பொண்ணுகிட்ட "எனக்கு இப்ப கொஞ்சம் முடியலப்பா"ன்னு ஒரு தடவ வாயத் திறந்து சொல்லிப் பாருங்க.

ஆனா எனக்கு உறுத்தறது "பேசப் பிடிக்கல"ங்கறதுதான். அது டிப்ரஷனோட அறிகுறியாவும் இருக்கலாம், ரெண்டு வாரத்துக்கு மேல போனாலே பாக்கணும், உங்களுக்கு மூணு மாசம். அப்படி இருந்தா நாலு பேரோட பழகுன்னு சொல்றது மட்டும் பத்தாது, மனநல டாக்டர்கிட்ட போங்க, கவுன்சிலிங்கோ மருந்தோ அவர் முடிவு பண்ணட்டும். சாகணும்னு நெனப்பு வந்தா காத்திருக்க வேணாம், உடனே 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு மனநல ஹெல்ப்லைன், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

கல்யாணம் வேணுமா வேணாமாங்கறத நல்லா தூங்க ஆரம்பிச்சப்புறம் யோசிங்க, தூக்கத்துக்கு மருந்தா ஒருத்தர கட்டிக்கிட்டா அவரும் பாவம்.