திமிங்கலத்துக்குக் கீழே ஒரு மணி நேரம்

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்கோ முழங்கால் வலி. போகலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள் அம்மா. லிஃப்ட் உண்டு, நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கும் ஆசை வேண்டாம், அது இருபது வயசுக்காரனுக்கே முடியாது. பெரிய கூடத்தில் எங்காவது உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். 1891-ல் அயர்லாந்தில் கரை ஒதுங்கிய நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு, 25 மீட்டர் நீளம், வாயைப் பிளந்தபடி தலைக்கு மேல் பாய்கிற மாதிரி தொங்கும். அதன் துடுப்பைக் கவனியுங்கள், உள்ளே நம் கைவிரல் போல எலும்புகள் வரிசையாக இருக்கும். நம் ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம் ஆவுளியா என்கிறோமே, அந்தக் கடல்பசுவின் துடுப்புக்குள்ளும் இதே விரல்கள்தான். டைனோசர் பக்கம் பிள்ளைகள் கூட்டம் நெரியும், அதைப் பேரனிடம் விட்டுவிடுங்கள்.