வெறும் வயிறும் இடைவேளைப் பணிசும்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, தரம் 7இல் படிக்கிறாள். உயரம் 148 சென்ரிமீற்றர், நிறை 52 கிலோ. ஆறேகாலுக்கே பஸ் வந்துவிடுவதால் வெறும் தேநீரோடு புறப்பட்டுவிடுகிறாள். காலைச் சாப்பாட்டை விடுவதால்தான் உடம்பு வைக்கிறது என்று அயலிலுள்ள ஆசிரியை சொல்கிறார். வளர்கிற பிள்ளைக்கு உடம்பு இருந்தால் என்ன என்று மாமியார் கேட்கிறார். யார் சொல்வது சரி?
ஒரு தாயார், ஒட்டுசுட்டான்

பதில்: நீங்கள் தந்த கணக்கின்படி மகளின் உடற்திணிவுச் சுட்டி (BMI: கிலோவிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்து வரும் எண்) 23.7 ஆகும். வளர்ந்தவர்களுக்கு 25 வரை பிரச்சினை இல்லை என்று எண்ணி இதை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்றபடி அளவு மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 12 வயதுச் சிறுமிக்கு ஏறக்குறைய 21ஐத் தாண்டினால் அதிக நிறை, 25ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆகவே மகள் அதிக நிறையில் இருக்கிறாள், உடற்பருமனில் இல்லை. உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். பஞ்சமும் இடப்பெயர்வும் கண்ட வன்னித் தலைமுறைக்குப் பிள்ளையின் கன்னச் சதை ஓர் ஆறுதல்.

ஆசிரியை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. காலையுணவைத் தவிர்க்கும் பிள்ளைகளிடையே அதிக நிறை கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒன்றாகக் காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. வளர்ந்தவர்களிடம் செய்யப்பட்ட 13 பரிசோதனைகளைத் தொகுத்து 2019இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, காலையில் சாப்பிடுவதால் மட்டும் நிறை குறைவதில்லை என்றே கண்டது. எனவே காலையில் ஒரு நீத்துப்பெட்டி புட்டை ஊட்டிவிட்டால் மகள் மெலிந்துவிடுவாள் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

பிறகு ஏன் காலைச் சாப்பாட்டை வலியுறுத்துகிறேன் என்றால், வெறும் வயிற்றோடு போகும் பிள்ளை பத்து மணி இடைவேளையில் என்ன வாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பணிஸ், ஒரு றோல்ஸ், ஒரு போத்தல் இனிப்புப் பானம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானத்தில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கும் மேலான சீனி, உடலுக்குள் போய்விடுகிறது. போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டத்தைப் பார்த்து, சிவப்பு என்றால் தவிர்க்கப் பழக்குங்கள். ஆரம்பப் பிரிவில் பாடசாலையிலேயே உணவு கிடைத்துவந்த பிள்ளைகளுக்குத் தரம் 6இல் அது நின்றுவிடுவதும், கையில் காசு வரத் தொடங்குவதும் ஒரே காலத்தில் நடப்பதை நான் அடிக்கடி கவனித்திருக்கிறேன்.

காலையைத் திருத்த முந்திய இரவிலிருந்து தொடங்க வேண்டும். ரியூசன் முடிந்து வந்து ஒன்பதரைக்குச் சோறு உண்டு, கைத்தொலைபேசியோடு பதினொரு மணிவரை விழித்திருக்கும் பிள்ளைக்கு ஐந்தரைக்குப் பசி எப்படி எடுக்கும்? இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு நகர்த்துங்கள். இந்த வயதில் ஒன்பது மணிநேர நித்திரை வேண்டும். இரவே பயறு அல்லது கௌபியை ஊறவைத்துவிட்டால் காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவோடு கொடுக்கலாம். குரக்கன் ரொட்டியும் சம்பலும், அவித்த முட்டையும் வாழைப்பழமும், எதுவானாலும் போதும். வீட்டில் உண்ண முடியாவிட்டால் பெட்டியில் கட்டிக் கொடுத்தால் பாடசாலையில் உண்பாள். காலையுணவு வீட்டில்தான் உண்ணப்பட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பட்டினி போட வேண்டாம். உயரம் கூடும் வயதில் நிறை இப்போதுள்ளபடியே நின்றாலே சுட்டி தானாக இறங்கும். தரம் 7 பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குரிய வகுப்பு. உயரமும் நிறையும் அங்கு பார்க்கப்படும், அந்த முடிவைக் கேட்டுப் பெறுங்கள். “குண்டு” என்ற சொல் வீட்டில் ஒருவர் வாயிலும் வரக் கூடாது.

கேள்வி: பேரனுக்குக் காலையில் பழஞ்சோறும் தயிரும் கொடுக்கிறேன். உடம்பு வைக்கும் என்று மருமகள் மறிக்கிறாள்.
ஒரு தாத்தா, புதுக்குடியிருப்பு

பதில்: வயலுக்குப் போகுமுன் நீங்கள் உண்டு வளர்ந்த உணவு அது, பேரனுக்கும் தீங்கு செய்யாது. உடம்பு வைப்பது அளவைப் பொறுத்தது: உங்கள் கோப்பை அல்ல, அவனுடைய கோப்பை. மருமகள் அஞ்ச வேண்டியது வேறொன்று. வெக்கையில் சோற்றில் கிருமி பெருகும், சில கிருமிகளின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லையேல் ஆறியதும் நீர் ஊற்றி மூடி வைத்து விடியற்காலையிலேயே கொடுத்துவிடுங்கள், மணம் மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். தயிரோடு சின்ன வெங்காயமும், ஒரு முருங்கை இலை வறையும் இருந்தால் நான்கூட வந்து உண்பேன்.

கேள்வி: காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகள் எல்லோரும் மெலிந்தவர்களாகவே இருக்கிறார்கள். இவர்களுக்கு உங்கள் நிறைக் கணக்கு பொருந்துமா?
ஓர் ஆசிரியர், மாங்குளம்

பதில்: பொருந்தும், மறுபக்கத்திலிருந்து. அதே அட்டவணை மெலிவையும் காட்டும். சாப்பிடாமல் வந்தார்களா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். வீட்டில் இல்லாததை எந்தப் பிள்ளையும் சபையில் சொல்லாது. தனியே கேட்டு, பெயர்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப மயங்கும் பிள்ளைக்கு இரத்தச்சோகையையும் பார்க்க வேண்டும். வெயிலில் நடக்கும் கூட்டத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடிப்பது அதிபரின் கையில் இருக்கிறது.