கவுன்சிலரைக் கூட்டிப் போய்விட்டார்கள்: 'வந்துடுவார்' என்று காத்திருக்கலாமா?

கேள்வி: நீலகிரி கூடலூர் பக்கம் ஒரு பேரூராட்சியில் என் கணவர் கவுன்சிலர். அடுத்த வாரம் தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். முந்தாநாள் 'பேசிட்டு வந்துடலாம்' என்று இருவர் வெளியூர் காரில் கூட்டிப் போனார்கள். அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். ஸ்டேஷனில், 'அவராத்தானே ஏறினார், ஓட்டு முடிஞ்சா வந்துடுவார்' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவராக ஏறினார் என்பது ஒரு பதிலே இல்லை, அம்மா. ஏமாற்றி அழைத்துப் போவதும் கடத்தல்தான் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 138. ரகசியமாக அடைத்து வைக்கும் நோக்கம் இருந்தால் 140(3). ஏழு ஆண்டு வரை சிறை. இரண்டு எண்களையும் புகாரில் போடுங்கள். 'பேசிட்டு வந்துடலாம்' என்று சொன்னதையும் அப்படியே எழுதுங்கள்.

'காணவில்லைன்னு எழுதிக் கொடுங்க' என்பார்கள். கொடுக்காதீர்கள். கடத்தினவன் பெயர் இல்லாத புகார் அவர்களுக்கு வசதி. புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்தாலும் கிளம்பிவிடாதீர்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பதிய மறுத்தால் அன்றே எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்.

கார் நம்பர் நீலகிரிப் பதிவான டிஎன் 43 இல்லையென்றால் நல்லதாகப் போயிற்று. வெளியூர் வண்டி மலைக்கு வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்; எடுத்தவர் போன் நம்பர் அதில் இருக்கும். நாடுகாணி, கக்கநல்லா சோதனைச்சாவடிகளின் கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் இன்றே எழுதுங்கள். நாளாக ஆகப் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

இந்த நேரத்தில்தான் 'டவர் லொகேஷன் எடுத்துத் தர்றேன், இவ்வளவு ஆகும்' என்று ஒருவர் வருவார். அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீஸுக்குத்தான். 'அந்தப் பக்கம் பேசி முடிக்கிறேன்' என்பவர் இன்னும் மோசம். பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆளே அவர்தான். காசு கொடுத்தால் நாளைக்கு நீங்களே பேரம் பேசியதாகக் கதை திரும்பும்.

2000-இல் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது இரண்டு முதல்வர்கள் உட்கார்ந்து பேசினார்கள், தூதர் காட்டுக்குள் போனார். வார்டு கவுன்சிலருக்கு ஒரு ஏட்டய்யா கிடைத்தாலே பெரிய விஷயம். ஆகவே, ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்குத் தயாராகுங்கள். மனைவியான நீங்களே போடலாம். நீலகிரிக்குச் சென்னை உயர் நீதிமன்றம். கொடைக்கானல்காரர்கள் என்றால் மதுரைக் கிளை.

ஒன்றை மட்டும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளுங்கள். அவர் நிஜமாகவே சம்மதித்து ஏதோ ரிசார்ட்டில் இருந்தால், நீதிபதி முன் 'நானாத்தான் போனேன்' என்பார். மனு அங்கேயே முடிந்துவிடும். கவர் வாங்கியிருந்தாலும் அப்படித்தான், கட்சிக்குப் பயந்து போயிருந்தாலும் அப்படித்தான். வீடியோவில் அப்படிச் சொன்னால் மட்டும் நம்பிவிட வேண்டாம். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று வீடியோவில் தெரியாது. நேரில் கொண்டுவந்து தனியாக விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். கடைசியாக அவர் போன் பேசியபோது மருந்து, துணிமணி பற்றி ஏதாவது சொன்னாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தினமும் போடும் மாத்திரையை எடுக்காமல் போயிருந்தால், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டின் நகலையும் மனுவோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஓட்டெடுப்புக்கு இரண்டு நாளாவது முன்னால் மனுவுக்கு நீதிமன்றத்தில் நம்பர் விழுந்திருக்க வேண்டும்.