உறுதி யாருடைய பெயரில்?

வலைப்பூ எழுதும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: எழுதியது கைவிட்டுப் போய்விடுமோ என்பது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் என் பெறாமகன் தன்னுடைய மின்னஞ்சலில் எனக்கு ஒரு வலைப்பூ திறந்து தந்தார். 140 பதிவுகள் எழுதியிருக்கிறேன். போன மாதம் போன் பழுதாகிவிட்டது. புதிய போனில் உள்ளே போக முடியவில்லை. பெறாமகன் இப்போது கனடாவில். என்ன செய்யலாம்?
– வாசகி, கொடிகாமம்

அக்கா, காணி வாங்கப் போனால் நாங்கள் முதலில் கேட்பது உறுதி யாருடைய பெயரில் என்றுதான். கிணறும் மாமரமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உறுதி வேறொருவர் பெயரில் இருந்தால் நித்திரை வராது. வலைப்பூவுக்கு உறுதி, அதைத் திறந்த மின்னஞ்சல் கணக்கு. 140 பதிவுகளும் நீங்கள் எழுதியவைதான். ஆனால் படலைத் திறப்பு பெறாமகனிடம் இருக்கிறது.

முதலில் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, ஒரு ஜிமெயில் கணக்குத் திறவுங்கள். பிறகு பெறாமகனை வட்ஸ்அப்பில் எடுத்துக் கதையுங்கள். அவர் உங்கள் வலைப்பூ இருக்கும் கூகிளின் புளொகர் தளத்துக்குள் போய், அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதியில் உங்கள் புதிய முகவரிக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். உங்களுக்கு வரும் மின்னஞ்சலைத் திறந்து நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அத்துடன் முடிந்துவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. அழைப்பை ஏற்றவர் வெறும் ‘ஆசிரியர்’ மட்டும்தான். புதிதாக எழுதலாம், ஆனால் பழைய 140 பதிவுகளும் அவருடைய கணக்கில் போட்டவை என்பதால் அவற்றில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட உங்களால் திருத்த முடியாது. பெறாமகன் திரும்பவும் உள்ளே போய் உங்களை ‘நிர்வாகி’யாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும்வரை போனை வைக்க விடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011 இல் என் முதல் வலைப்பூவை ஒரு இன்டர்நெட் கடைத் தம்பிதான் திறந்து தந்தார், அவருடைய மின்னஞ்சலில். கடை மூடப்பட்டது, அவரும் எங்கேயோ போய்விட்டார். அந்த வலைப்பூ இன்றும் இணையத்தில் இருக்கிறது. அதில் ஒடியல் கூழ் பற்றிய பதிவில், ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்து எழுதிவிட்டேன். போதிய நேரம் ஊறி, மேல் தண்ணீரை வடித்தால்தான் மாவின் கசப்புப் போகும். “நீங்கள் சொன்னபடி செய்தோம், கூழ் கசக்கிறது” என்று பரிசிலிருந்து ஒரு பிள்ளை எழுதியிருந்தார். நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் தேடி வாங்கிப் போட்டுக் காய்ச்சிய கூழ். அந்தப் பிழையை என்னால் இன்றுவரை திருத்த முடியவில்லை. இப்போதைய வலைப்பூவில் சரியான பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் கூகிளில் தேடினால் சில நேரம் பழையதுதான் முன்னுக்கு வருகிறது.

நிர்வாகி ஆனதும் அன்றைக்கே இரண்டு வேலை. ஒன்று, அமைப்புகளில் உள்ள காப்புப் பிரதியை அழுத்தி, வரும் கோப்பைக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். பதிவுகளும் பின்னூட்டங்களும் அதற்குள் வரும், படங்கள் வராது. படங்களைத் தனியாக ஒரு இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். மற்றது, இரட்டைப் பூட்டு. கடவுச்சொல்லுக்கு மேலாகப் போனுக்கு ஒரு இலக்கம் வரும் ஏற்பாடு. போன் தொலைந்தாலும் உள்ளே போவதற்குக் கூகிள் 10 மாற்று இலக்கங்கள் தரும், ஒவ்வொன்றும் 8 எண்கள். அவற்றைப் போனிலேயே படமெடுத்து வைத்தால் போனோடு அவையும் போய்விடும். என்னுடையவை அம்மம்மாவின் சமையல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பேனாவால் எழுதியபடி, காணி உறுதிகளோடு அலுமாரியில் இருக்கின்றன.

எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி நான் எழுதியதை ஒரு முகநூல் பக்கம் என் பெயரை எடுத்துவிட்டு அப்படியே போட்டிருக்கிறது. நான் எங்கும் பதிவுசெய்து உரிமை வாங்கவில்லையே. கேட்க முடியுமா?
– வாசகர், சுழிபுரம்

தாராளமாகக் கேட்கலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய அந்தக் கணத்திலிருந்தே எழுத்து உங்களுடையது. எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் உரிமை இருக்கும். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். தேர் எத்தனை மணிக்கு இருப்புக்கு வந்தது என்பது யாருக்கும் சொந்தமில்லை. அதை நீங்கள் சொன்ன விதமும், நீங்கள் எடுத்த படமும்தான் உங்களுடையவை. சமையல் குறிப்பும் அப்படியே. என்னென்ன சாமான் என்ற பட்டியலுக்கு நான் உரிமை கேட்க முடியாது.

என் கூழ்ப் பதிவையும் எடுத்தார்கள். “பயிற்றங்காயைக் கத்தியால் வெட்டாமல் விரல் நீளத்துக்குக் கையால் முறித்துப் போட வேண்டும் என்பது அம்மம்மாவின் சட்டம்” என்று எழுதியிருந்தேன். அந்த வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகிளில் தேடினேன். வந்து நின்றது, வேறு யாரோ ஒருவருடைய அம்மம்மாவாக. எரிச்சலைவிட துக்கம்தான் கூட வந்தது. உடனே சண்டைக்குப் போகவில்லை. முதலில் அந்தப் பக்கத்தைத் திகதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும், இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் என் பதிவு ஏற்கெனவே சேமிப்பில் இருந்தது. யார் முதலில் எழுதினார் என்பதற்கு அது நல்ல சாட்சி. பிறகு அந்தப் பக்கத்தாருக்கு மரியாதையாக ஒரு செய்தி: இது என் எழுத்து, மூலம் இங்கே இருக்கிறது, என் பெயரையும் இணைப்பையும் போடுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் வந்ததைப் போட்டேன், யாருடையது என்று தெரியாது என்று பதில் வந்தது. அடுத்த நாள் என் பெயரும் இணைப்பும் சேர்ந்திருந்தன. பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

பதிலே வராவிட்டால் முகநூலிலும் கூகிளிலும் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவங்கள் இருக்கின்றன. மூலப் பதிவின் முகவரி, களவு போன இடத்தின் முகவரி இரண்டையும் சரியாகக் கொடுக்க வேண்டும். அது சட்டப்படியான கூற்று, கோபத்தில் நிரப்பக் கூடாது. உங்கள் பெயரும் தொடர்பு விபரமும் எதிராளிக்குப் போகக்கூடும் என்பதையும் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.

இதே நியாயம் எங்களுக்கும் உண்டு. பழைய ஊர்ப் படம் ஒன்றை யாருடைய பக்கத்திலிருந்தாவது எடுத்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். நூலகம் எண்ணிம நூலகத்தில் ஒரு மலரை வாசிக்க முடிகிறது என்பதற்காக அதில் உள்ளதை எங்கள் வலைப்பூவில் முழுதாகக் கொட்டலாம் என்று அர்த்தமில்லை.

வலது பக்கக் கிளிக் வேலை செய்யாதபடி செய்தால் களவு குறையுமா?
– வாசகர், மானிப்பாய்

குறையாது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவரை அது தடுக்காது. கண் பார்வை குறைந்து, எழுத்தைப் பிரதி எடுத்துக் கருவிக்கு வாசிக்கக் கொடுப்பவரைத்தான் தடுக்கும்.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள். வாசகரை எப்படிச் சேர்ப்பது? என்னிடம் பாமினி எழுத்துருவில் அடித்த 60 கட்டுரைகளும் இருக்கின்றன.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைநகர்

ஐயா, உங்கள் பாமினிக் கட்டுரைகள்தான் உங்கள் முதல். ஆனால் அப்படியே ஒட்டினால் ஒருவருக்கும் தெரியாது. பாமினியில் நீங்கள் ‘அ’ என்று பார்ப்பது உள்ளே ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். மற்றவருடைய போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கூகிளும் அதைத் தமிழ் என்று அறியாது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. எல்லாப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை வடிவாக வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், கிரந்த எழுத்துகள் சில குழம்பியிருக்கும். மாற்றிய பிறகும் பழைய கோப்புகளை எறிய வேண்டாம். கிழமைக்கு ஒன்று என்று போட்டாலும் ஒரு வருடத்துக்கு மேல் உங்களிடம் எழுத்து இருக்கிறது. எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை!

இரண்டாவது, தலைப்பு. கவித்துவமாக வைத்த தலைப்பை யாரும் தேட மாட்டார்கள். “நினைவின் அலைகள்” என்பதைவிட “காரைநகர் கசூரினா கடற்கரை: 1970களில் நாங்கள் போன வழி” என்பது ஊர்ப்பெயரைத் தேடுபவரின் கண்ணில் படும். ஊர், குறிச்சி, கோவில், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். கூகிளின் சேர்ச் கொன்சோலில் உங்கள் வலைப்பூவைப் பதிந்தால், எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று காட்டும். அதைப் பார்த்தே அடுத்த பதிவுக்கு விஷயம் கிடைக்கும்.

முன்பு தமிழ்மணம் போன்ற திரட்டிகள், அதாவது பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்கள், இருந்தன. பதிவு போட்டுச் சில நிமிடத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். இப்போது நாங்களேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் ஞாயிறு பின்னேரம் ஆறரைக்குப் போடுவேன். கோடைகாலத்தில் அப்போது ரொறன்ரோவில் காலை 9 மணி, லண்டனில் பின்னேரம் 2 மணி. ஊரை நினைத்துக்கொண்டு போனை எடுக்கிற நேரம். வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். ஆகவே வாசகரிடம் நம்பரைச் சேமிக்கச் சொல்லிக் கேளுங்கள். முழுக் கட்டுரையையும் முகநூலில் போடாதீர்கள். நல்ல இரண்டு பந்தியும் இணைப்பும் போதும்.

பின்னூட்டம் எழுதும் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுங்கள். பன்னிரண்டு பேர் குறைவில்லை, ஐயா. உங்கள் விறாந்தையில் தினமும் பன்னிரண்டு பேர் வந்து இருந்து கதை கேட்டால் அதைக் குறைவு என்பீர்களா?

விளம்பரம் போட்டுக் காசு உழைக்கலாமா?
– வாசகர், நெல்லியடி

கூகிள் அட்சென்ஸ் 2018 முதல் தமிழையும் ஏற்கிறது. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஓர் இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் காசு கைக்கு வரும். தமிழ் வலைப்பூவுக்கு அந்த நூறு சேர நீண்ட காலம் எடுக்கும். அதை நம்பி வேலையை விட வேண்டாம்.

பல்கலைக்கழக மாணவி நான். சீதனம் பற்றி எழுதிய பிறகு பெயரில்லாத ஒருவர் தொடர்ந்து அசிங்கமாகப் பின்னூட்டம் போடுகிறார். எந்த ஒழுங்கையால் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறார். நிறுத்திவிடவா?
– வாசகி, திருநெல்வேலி

பிள்ளை, எழுதுவதை நிறுத்த வேண்டாம். பின்னூட்டப் பகுதியை மூடுவது வேறு, எழுதுவதை நிறுத்துவது வேறு. அமைப்புகளில் நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே பின்னூட்டம் வெளியாகும்படி மாற்றுங்கள், பெயரில்லாதவர் எழுதுவதையும் தடுத்துவிடுங்கள். அழிப்பதற்கு முன்னர் ஒவ்வொன்றையும் திகதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவருக்குப் பதில் எழுதாதீர்கள்.

ஒழுங்கையைப் பற்றி எழுதியது சாதாரண விஷயமில்லை. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். தனியாக வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். இணையப் பாதுகாப்புக்கென்று உள்ள ஸ்ரீலங்கா சேர்ட்டிடமும் அறிவிக்கலாம். உங்கள் பழைய படங்களையும் ஒருக்கால் பாருங்கள். வீட்டுப் படலை, சைக்கிள் விடும் இடம், ரியூஷன் போகும் நேரம் ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் கட்டுரையை வாசித்தேன். அது இருக்க வேண்டிய கட்டுரை.

எனக்கு 76 வயது. என் காலத்துக்குப் பிறகு என் வலைப்பூ என்னவாகும்?
– வாசகர், பருத்தித்துறை

ஐயா, இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு நன்றி. இரண்டு வருடம் ஒருவரும் உள்ளே போகாத கணக்கை நீக்கிவிடலாம் என்பது கூகிளின் விதி, 2023 கடைசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணக்குப் போனால் அதோடு சேர்ந்த பதிவுகளையும் இழக்க நேரலாம். இதற்காகவே கணக்கு அமைப்புகளில் ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எத்தனை மாதம் நீங்கள் உள்ளே வராவிட்டால் அறிவிக்க வேண்டும் என்று சொல்லலாம், 3 மாதத்திலிருந்து 18 மாதம்வரை. யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று 10 பேர்வரை பெயர் கொடுக்கலாம். அதைவிட எளிய வழி, இப்போதே மகளையோ பேரனையோ வலைப்பூவில் இரண்டாவது நிர்வாகியாகச் சேர்ப்பது.

அத்துடன், முக்கியமான பதிவுகளைத் தாளிலும் எடுத்து வையுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றில் வேறெங்கும் இல்லாத ஒற்றைப் பிரதிகளும் இருந்தன. ஒரே இடத்தில் வைத்த எழுத்தைப் பற்றி எங்கள் ஊராருக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஏட்டுக் காலத்திலும் ஓலை உக்கிப்போக முன்னர் இன்னொரு ஓலையில் பார்த்து எழுதித்தானே காப்பாற்றினார்கள். நல்ல பதிவுகள் 30 ஐத் தெரிவுசெய்து, அச்செடுத்துக் கட்டி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஊர் வாசிகசாலையிலும் கொடுங்கள்.

பேரன் சனிக்கிழமைகளில் வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிற சனி அவரைப் பக்கத்தில் இருத்தி, நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். அழைப்பை அவர் ஏற்றுக்கொண்டாரா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.