கோடீஸ்வரருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: இந்தியாவில் சிவ் நாடார் கோடிக் கணக்கில் கல்விக்கு அள்ளிக் கொடுக்கிறார் என்று படிக்கிறோம். அப்படி ஒருவர் திருகோணமலையில் பிறந்திருந்தால் நம் பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டாருக்கும் ஓடியிருப்பார்களா? நமக்கு ஏன் அந்தக் கொடுப்பினை இல்லை?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து நம்மைத் தூக்கிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. சிவ் நாடாரின் கதையே அதற்கு எதிராகத்தான் நிற்கிறது.

1945இல் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் மூலைப்பொழி என்ற சிற்றூரில் பிறந்தவர். கும்பகோணத்திலும் மதுரையிலும் பள்ளிப் படிப்பு, கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் பொறியியல். பிறகு டெல்லியில் டி.சி.எம். கம்பனியில், கல்குலேட்டர் விற்கும் பிரிவில் நல்ல வேலை. அந்த வேலையை விட்டபோது அவர் தனியாக வெளியே வரவில்லை. கூட வேலை பார்த்த நண்பர்களும் சேர்ந்தே வந்தார்கள். ஒரு வீட்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து தொடங்கினார்கள். கணினி செய்வதுதான் ஆசை, கையில் காசில்லை. அதனால் முதலில் கல்குலேட்டர் விற்றுக் காசு சேர்த்தார்கள். 1976இல் எச்.சி.எல். என்ற அவர்களின் கணினிக் கம்பனி உருவானபோது போட்ட முதலீடு 1,87,000 ரூபாய். உத்தரப் பிரதேச அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது.

அடுத்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்நியக் கம்பனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று இந்திய அரசு சொன்னது. அமெரிக்கக் கணினிக் கம்பனியான ஐ.பி.எம். மறுத்துவிட்டு 1978இல் நாட்டை விட்டே போனது. கணினிச் சந்தையில் பெரிய இடம் ஒன்று காலியானது. அதே 1978இல் எச்.சி.எல். தன் சொந்தக் கணினியோடு சந்தைக்கு வந்தது. அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கதவு திறந்த நேரத்தில் தயாராக நின்றாரே, அது சாதாரண விசயமல்ல. ஆனால் அந்த வாழ்க்கைக்குள் ஒரு நல்ல கல்லூரி இருக்கிறது, துணிந்து கூட வந்த நண்பர்கள் இருக்கிறார்கள், ஒரு மாநில அரசின் முதலீடு இருக்கிறது, ஒரு நாட்டின் கொள்கை முடிவும் இருக்கிறது. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, ஒற்றை மனிதரின் அதிர்ஷ்டம் போலப் பார்ப்பது சரியில்லை.

இனி அவர் கொடுத்த விதம். 1994இல் அறக்கட்டளை. 1996இல் தந்தை சிவசுப்பிரமணிய நாடாரின் பெயரில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி; இன்று அது சென்னைக்கு வெளியே காலவாக்கத்தில் இருக்கிறது. பிறகு ஒரு பல்கலைக்கழகம், ஒரு கலை அருங்காட்சியகம். 2020இல் எச்.சி.எல். டெக்னாலஜிஸின் தலைமையை மகளிடம் ஒப்படைத்தார். ஹூருன் நிறுவனம் வெளியிட்ட 2024ஆம் ஆண்டு இந்தியக் கொடையாளர் பட்டியலில் 2,153 கோடி ரூபாயோடு முதலிடம் அவருக்குத்தான். இதெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய அறக்கட்டளை நடத்தும் வித்யாஞான் பள்ளிகள். உத்தரப் பிரதேசத்தின் கிராமத்துப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பரீட்சை வைத்து எடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்கவைத்து, சாப்பாடு போட்டு, ஒரு சதம் வாங்காமல் படிப்பிக்கிறார்கள். முதல் பள்ளி 2009இல் புலந்த்சகரில் தொடங்கியது. நம்முடைய தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை உங்களுக்கு நினைவு வரும். வித்தியாசம் பரீட்சைக்குப் பிறகுதான் இருக்கிறது. அங்கே தேறிய பிள்ளையை ஏழு வருடம் கைவிடாமல் கூட்டிப் போகிறார்கள். இங்கே ஈச்சிலம்பற்றில் ஒரு பிள்ளை சித்தியடைந்தால் ஊரே கொண்டாடுகிறது. பிறகு பட்டணத்துப் பாடசாலையில் எங்கே தங்குவது, யார் பார்ப்பது, செலவுக்கு என்ன வழி என்று தகப்பன் தலையில் கைவைக்கிறார்.

சிவ் நாடார் பிறந்த அதே 1945இல்தான் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு கிண்ணியாப் பக்கத்துக்குப் படகுப் பாதையை நம்பிக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமே இருக்கிறது. கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். இந்தியாவில் ஒரு கோடீஸ்வரர் தன் காசில் எழுப்பியதில் பெரும்பகுதி இங்கே பொதுச் சொத்தாக ஏற்கனவே இருக்கிறது. இல்லாமல் இருப்பது உயர்தர வகுப்பில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிப்பிக்க ஒரு ஆள்.

கொடுக்கிறவர்கள் நம்மிடம் இல்லையா? தாராளமாக இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பும் காசு சின்னக் காசு அல்ல. அது போகும் இடத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. மாவட்டத்தில் ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்தை நானே பார்த்தேன். வாசலில் பளிங்குக் கல்லில் கொடையாளர்களின் பெயர்கள். உள்ளே வரிசையாகக் கணினிகள். விசைப்பலகைகளின் மேல் கம்பனி போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் உரிக்கப்படவில்லை. பாடத்துக்குரிய ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விட்டார், பதிலுக்கு எவரும் வரவில்லை, அறை பூட்டியே கிடக்கிறது. திறப்பு விழாவுக்கு வந்தவர்களில் ஒருவராவது, "இதைப் படிப்பிக்கப் போவது யார்?" என்று கேட்டிருக்க வேண்டாமா?

இந்த ஊருக்கு இது தெரியாத சங்கதியும் அல்ல. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இங்கே பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை தொடங்கினார். இன்றைய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி அதுதான். அவரிடம் கணினிக் கம்பனி இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. நூறு வருடம் தாண்டியும் அந்தப் பாடசாலை நிற்கிறது.

ஆகவே, நமக்கு ஏன் கொடுப்பினை இல்லை என்று கேட்காதீர்கள். உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் அடுத்த முறை கூடும்போது எழுந்து நின்று, இந்த வருடக் காசில் கட்டடம் வேண்டாம், ஒரு கணித ஆசிரியருக்கு இரண்டு வருடச் சம்பளம் கொடுப்போம் என்று சொல்லுங்கள். உயர்தரத்துக்கு ஒரு அணியை முழுதாகக் கொண்டுபோக அந்த இரண்டு வருடம் வேண்டும். பளிங்குக் கல்லில் பெயர் வராது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அப்புறம், எனக்கும் ஒரு வேலை தாருங்கள். மாவட்டத்தில் எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று வாசகர்கள் எழுதுங்கள். விசாரித்து உறுதிசெய்து, பாடசாலை வாரியாக இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன். வெளிநாட்டிலிருந்து படிக்கிற நம்மவர்கள் காசு அனுப்பும் முன் அதைப் பார்க்கட்டும்.